அட்டையின் பின்பக்கத்து வரி: தசைவலி மாத்திரைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

மருந்துக்கடையில் போய் "முதுகு பிடிச்சிருக்கு" என்றால் பெரும்பாலும் கைக்கு வருவது ஒரு கூட்டு மாத்திரை. அட்டையைத் திருப்பினால் பொடி எழுத்தில் இப்படி ஒரு வரி இருக்கும்: அசெக்ளோஃபெனாக் 100 மி.கி., பாரசிட்டமால் 325 மி.கி., குளோர்சாக்சசோன் 250 மி.கி. முன்பக்கத்துப் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மருந்து என்பது பின்பக்கத்து வரிதான். அதில் இருக்கும் மூன்றும் உடம்பில் மூன்று வேறு இடங்களில் வேலை செய்பவை. கெடுதல் செய்தால் மூன்று வேறு வழிகளில் செய்பவை. இவற்றில் எது உங்கள் வலிக்குத் தேவை, எது சும்மா கூட வருகிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், மற்ற எந்த அட்டையையும் படித்துவிடலாம்.

இந்த மாத்திரைகளில் பலவற்றின் அட்டை ஓரத்தில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு ஓடும். மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாது என்பதற்கான அடையாளம் அது. நடைமுறையில் கடையில் யாரும் கேட்பதில்லை. அதனாலேயே இதையெல்லாம் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

பிடிப்பில் என்ன நடக்கிறது

பாரம் தூக்கும்போதோ வெடுக்கென்று திரும்பும்போதோ தசை நார்களில் சில இழுபட்டு நைந்துபோகின்றன. நைந்த இடத்தில் ப்ரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்து, வலி நரம்பின் நுனிகளை முறுக்கேற்றி வைக்கிறது. லேசாகத் தொட்டாலே சுள்ளென்று இருப்பது இதனால்தான். பக்கத்துத் தசைகளும் இறுகி, அந்த இடத்தை அசையவிடாமல் காவல் காக்கின்றன. வலி இறுக்கத்தை உண்டாக்கும், இறுக்கம் மேலும் வலியை உண்டாக்கும் என்று ஒரு வட்டத்தைப் பாடப்புத்தகங்கள் பல காலமாக வரைந்துவருகின்றன. தசை தளர்த்தி மாத்திரைகள் விற்பதும் அந்த வட்டத்தை நம்பித்தான். ஆனால் தசையின் மின் அதிர்வைக் கருவி வைத்து அளந்த ஆய்வுகள் பலவற்றில் அந்த வட்டம் எதிர்பார்த்த அளவுக்குத் தெளிவாகப் பிடிபடவில்லை. கைக்குக் கட்டியாகத் தட்டுப்படும் தசை எல்லாமே முறுக்கிக்கொண்டு வேலை செய்யும் தசை இல்லை.

மருந்து இந்தக் கதைக்குள் மூன்று இடங்களில் நுழையலாம். நைந்த இடத்துக்கே போகலாம். வலிச் செய்தி போய்வரும் தண்டுவடத்திலும் மூளையிலும் போய் உட்காரலாம். அல்லது தசை நாருக்குள்ளேயே புகுந்து சுருங்கவிடாமல் செய்யலாம். மூன்றாவது வழியில் போகும் மாத்திரை டான்ட்ரோலீன் ஒன்றுதான். அதை முதுகுப் பிடிப்புக்குக் கொடுப்பதில்லை. அறுவை சிகிச்சை மயக்க மருந்தால் உடல் சூடு தாறுமாறாக ஏறும் அபூர்வ நிலைக்கும், நரம்பு நோயால் வரும் கடும் விறைப்புக்கும் உரியது அது. "தசை தளர்த்தி" என்று நாம் வாங்கும் மற்றவை எல்லாம் நரம்பு மண்டலத்தில்தான் வேலை செய்கின்றன. கழுத்துப் பிடிப்புக்குப் போடும் மாத்திரை கழுத்தைத் தேடிப் போவதில்லை. ஆளையே மொத்தமாகக் கொஞ்சம் தணிக்கிறது. இந்த ஒரு விஷயம் புரிந்தால் பின்னால் வரும் ஆய்வு முடிவுகள் ஆச்சரியம் தராது.

வரியில் முதல் ஆள்: அழற்சியைத் தணிப்பவை

அசெக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், ஐப்யூபுரூஃபன், நாப்ராக்சன், எட்டோரிகாக்சிப், மெஃபனாமிக் அமிலம் எல்லாம் ஒரே குடும்பம். ப்ரோஸ்டாகிளாண்டினைத் தயாரிக்கும் காக்ஸ் என்ற நொதியை முடக்குவதுதான் இவற்றின் தொழில். ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று ஜான் வேன் 1971-ல் காட்டினார். 1982-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. புதிதாக வந்த சுளுக்கு, பிடிப்புக்கு மாத்திரைகளில் முதல் இடம் இந்தக் குடும்பத்துக்குத்தான்.

பெரியவர்களுக்கு வழக்கமான அளவு: ஐப்யூபுரூஃபன் 400 மி.கி. நாளைக்கு மூன்று வேளை. டைக்ளோஃபெனாக் 50 மி.கி. இரண்டு அல்லது மூன்று வேளை, ஒரு நாளில் 150 மி.கி.யைத் தாண்டாமல்; அசெக்ளோஃபெனாக் 100 மி.கி. இரண்டு வேளை, நாப்ராக்சன் 250 முதல் 500 மி.கி. இரண்டு வேளை, எட்டோரிகாக்சிப் 60 அல்லது 90 மி.கி. ஒரே வேளை. வேளை மாறுவதற்குக் காரணம் மருந்து உடம்பில் தங்கும் நேரம். ஐப்யூபுரூஃபன் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். நாப்ராக்சன் பாதியாகப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எட்டோரிகாக்சிப் ஏறக்குறைய ஒரு நாள் நிற்கும். அதன் 120 மி.கி. மாத்திரை கவுட் என்ற கீல்வாதத்தின் திடீர் தாக்குதலுக்கென்று இருப்பது, அதுவும் அதிகபட்சம் எட்டு நாளைக்கு. பிடிப்புக்கு அது வேண்டியதில்லை.

வலியைக் குறைக்கும் திறனில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் கிடையாது. "அவருக்குக் கேட்டது எனக்குக் கேட்கவில்லை" என்பது உண்மையாகவே நடக்கும். ஆனால் அதை வைத்து எது பெரிது என்று சொல்ல முடியாது. தேர்வு செய்ய வேண்டியது பக்கவிளைவை வைத்துத்தான். இரைப்பையின் உள்தோலைக் காப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டத்தைச் சரியாக வைப்பதும் அதே ப்ரோஸ்டாகிளாண்டின்தான். வலிக்காக அதை அடைத்தால் அங்கேயும் அடைபடும்.

அல்சர் வந்தவர், 65 வயது தாண்டியவர், ஸ்டீராய்டு அல்லது ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து எடுப்பவர் ஆகியோருக்கு வயிற்றில் ரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடுதல். கூடவே எழுதித்தரும் "காஸ் மாத்திரை", அதாவது பான்டோபிரசோல் வகை, வயிற்றைக் காக்கும். சிறுநீரகத்தையும் இதயத்தையும் அது காக்காது. பலர் கவனிக்காமல் விடுவது இந்த இடத்தைத்தான். சிறுநீரகத்தை நிஜமாக மாட்டிவிடும் கூட்டணி ஒன்று உண்டு: டெல்மிசார்ட்டான், ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற பி.பி. மாத்திரை, அதோடு நீர் பிரியும் மாத்திரை, மூன்றாவதாக வலி மாத்திரை. வெயிலில் வேலை செய்து உடம்பில் நீர் வற்றிய நாளில் மூன்றும் சேர்ந்தால், சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் கிடுகிடுவென ஏறிவிடும்.

இதயத்தைப் பொறுத்தவரை 2004-ல் ரோஃபெகாக்சிப் என்ற மருந்து மாரடைப்பு அதிகரித்ததால் சந்தையை விட்டே போனது. 2013-ல் லான்செட் இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வு, ஒரு வருடம் முழுக்க அதிக அளவில் டைக்ளோஃபெனாக்கோ எட்டோரிகாக்சிப் போன்ற காக்சிப் வகையோ எடுக்கும் 1000 பேரில் கூடுதலாக மூன்று பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்பு வரும், அதில் ஒன்று உயிரைப் பறிக்கும் என்று கணக்கிட்டது. ஐந்து நாள் மாத்திரைக்கு இந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் ஸ்டென்ட் வைத்தவரும் நெஞ்சுவலிக்காரரும் தாமாக வாங்கிப் போட வேண்டியவை இல்லை இவை. இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர் ஐப்யூபுரூஃபனை முன்னால் போட்டுவிட்டால் ஆஸ்பிரின் வேலை செய்யாமல் போகலாம். சாதாரண ஆஸ்பிரின் போட்டுக் குறைந்தது அரை மணி நேரம் கழித்தே ஐப்யூபுரூஃபன் போட வேண்டும். அல்லது எட்டு மணி நேரம் முன்பே போட்டிருக்க வேண்டும்.

டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தை என்ன செய்யும் என்பதற்குக் கோரமான சாட்சி பாறு கழுகுகள். இந்த ஊசி போட்ட மாட்டின் உடலைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து தெற்காசியா முழுவதும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2006-ல் இந்தியா கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. 2023-ல் அசெக்ளோஃபெனாக்கும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. மாட்டின் உடம்புக்குள் போனால் அது டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது என்பதுதான் காரணம். தமிழ்நாட்டில் பாறு மிஞ்சியிருப்பது முக்கியமாக நீலகிரி அடிவாரத்து மாயாறு பள்ளத்தாக்கில். மனிதச் சிறுநீரகம் கழுகுக்கு இருப்பதைப் போல அவ்வளவு பலவீனமானதில்லை என்பது நம் அதிர்ஷ்டம்.

கர்ப்பத்தின் 20-வது வாரத்துக்குப் பின் இந்தக் குடும்பத்தைத் தவிர்க்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு மூச்சு இறுகும்.

இரண்டாவது ஆள்: பாரசிட்டமால்

வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் சாது. ஆனால் முதுகுப் பிடிப்புக்கு எவ்வளவு உதவுகிறது? ஆஸ்திரேலியாவில் சிட்னியைச் சுற்றி ஏறத்தாழ 1650 பேரிடம் சோதித்து 2014-ல் வெளியிட்டார்கள். பாரசிட்டமால் எடுத்தவர்கள் குணமாக நடுத்தரமாக 17 நாள், வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 16 நாள். முதுகைப் பொறுத்தவரை அவ்வளவுதான் அதன் பலம். தலைவலிக்கும் காய்ச்சல் உடம்புவலிக்கும் அது நன்றாகவே கேட்கிறது. மற்ற மருந்து எதையும் எடுக்க முடியாதவர்களுக்குப் பாதுகாப்பான வழியாகவும் இருக்கிறது.

அதன் ஆபத்து எண்ணிக்கையில்தான். ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளின் உச்சவரம்பு 4 கிராம். மது அருந்துபவர், ஒல்லியானவர், கல்லீரல் நோயாளி அதைவிடக் குறைவாக நிறுத்த வேண்டும். மேலே சொன்ன கூட்டு மாத்திரை மூன்று வேளை போட்டால் 975 மி.கி. ஆகிறது. நடுவில் "உடம்பு கதகதன்னு இருக்கு" என்று 650 மாத்திரை நாலு வேளை போட்டால் இன்னும் 2600. மொத்தம் 3575. இரண்டு அட்டையிலும் ஒரே மருந்து இருப்பது அந்த நபருக்குத் தெரிந்தே இருக்காது.

மூன்றாவது ஆள்: தசை தளர்த்தி

அதிகம் பேச வேண்டியது இதைப் பற்றித்தான். ஏனென்றால் இந்தப் பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மருந்துகள் ஒளிந்திருக்கின்றன.

குளோர்சாக்சசோன், மெத்தோகார்பமால், காரிசோப்ரடால், சைக்ளோபென்சப்ரின் ஆகியவை பொதுவாகத் தூக்கத்தை வரவழைத்துத் தணிப்பவை. சைக்ளோபென்சப்ரின் மூலக்கூறு, மன அழுத்தத்துக்கான பழைய மருந்து அமிட்ரிப்டிலினுக்கு ஏறக்குறைய உடன்பிறப்பு. வாய் உலர்வதும் மறுநாள் காலை மந்தமாக இருப்பதும் அந்தச் சொந்தத்தால் வருவது. 5 மி.கி. அளவே 10 மி.கி. அளவுக்கு உதவுகிறது, தூக்கம் குறைவு. மெத்தோகார்பமால் சிறுநீரைப் பழுப்பாகவோ பச்சையாகவோ ஆக்கலாம், குளோர்சாக்சசோன் ஆரஞ்சாக்கலாம், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் குளோர்சாக்சசோனால் அரிதாகக் கல்லீரல் கடுமையாகக் கெடும். கண் மஞ்சளானாலோ, சாப்பாடு பிடிக்காமல் குமட்டலோடு சிறுநீர் கருத்துப் போனாலோ உடனே நிறுத்த வேண்டும். அதே மாத்திரைக்குள் பாரசிட்டமாலும் உட்கார்ந்திருப்பதால் குடிப்பவர்களுக்கு இந்தக் கூட்டு பொருந்தாது.

காரிசோப்ரடால் உடம்புக்குள் மெப்ரோபமேட் என்ற பழைய, மனப் பதற்றத்தைத் தணிக்கும் மருந்தாக மாறுகிறது, பழக்கமும் ஆகிவிடுகிறது. ஐரோப்பிய மருந்து முகமை 2007-ல் அதை நிறுத்தச் சொன்னது. அமெரிக்கா 2012-ல் கட்டுப்பாட்டுப் பட்டியலில் போட்டது. டாபென்டடால் என்ற ஓபியாய்டு (அபின் வகை வலி மருந்து) ஒன்றோடு அதைக் கலந்த மாத்திரை மேற்கு ஆப்பிரிக்காவில் போதைக்கு விற்கப்படுவது வெளியே வந்ததும், 2025 பிப்ரவரியில் இந்தியா அந்தக் கூட்டின் ஏற்றுமதியைத் தடுத்தது.

தயோகால்ச்சிகோசைட் நமக்குப் பக்கத்து வீட்டுக்காரர். செங்காந்தளிலிருந்து எடுக்கும் பொருளை மாற்றிச் செய்யும் மருந்து இது. அந்தப் பூ தமிழ்நாட்டின் மாநில மலர். கண்வலிக்கிழங்கு என்று நம் விவசாயிகள் விதைக்காகப் பயிரிடுவதும் அதைத்தான். (கிழங்கும் விதையும் கடும் விஷம். மருந்து இதிலிருந்து வருகிறதே என்று வீட்டில் அரைத்துக் குடிக்கும் யோசனை யாருக்கும் வரக்கூடாது.) மற்றவற்றைவிடத் தூக்கம் குறைவு என்பதால் இங்கே அதிகம் எழுதுகிறார்கள். ஆனால் உடம்பில் இது சிதையும்போது உண்டாகும் ஒரு பொருள், பிரியும் செல்களில் குரோமோசோம் எண்ணிக்கையைக் குலைக்கிறது என்று தெரிந்தது. அதனால் 2013-ல் ஐரோப்பிய முகமை கட்டுப்பாடு போட்டது: மாத்திரையாக 8 மி.கி. 12 மணி நேரத்துக்கு ஒன்று, ஏழு நாளைக்கு மேல் கூடாது. ஊசியாக ஐந்து நாள். 16 வயதுக்குக் கீழ், கர்ப்பிணி, பாலூட்டும் தாய், கருத்தடை முறை பின்பற்றாத, கருத்தரிக்கும் வயதுப் பெண் ஆகியோருக்குக் கூடாது. இங்கே பதினைந்து நாளைக்குச் சீட்டு எழுதியிருந்தால் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

டிசானிடின், பாக்லோஃபென் இரண்டும் தனி வகை. பக்கவாதம், தண்டுவடக் காயம் போன்றவற்றுக்குப் பின் கைகால் விறைத்துப் போவதற்கென்று வந்த மருந்துகள் இவை. அங்கே உண்மையிலேயே நரம்பின் கட்டளை மிகுதியால் தசை முறுக்கிக்கொண்டிருக்கிறது; அதனால் இவை பொருத்தமாக வேலை செய்கின்றன. சாதாரண முதுகுப் பிடிப்புக்கும் இதே பெயர்களை எழுதும்போதுதான் குழப்பம்.

டிசானிடின் 2 மி.கி.யில் தொடங்கும். ரத்த அழுத்தத்தை இறக்கும். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். இதைக் கல்லீரலில் சிதைக்கும் நொதியை சிப்ரோஃப்ளாக்சசின் அடைத்துவிடுகிறது. வயிற்றுப்போக்குக்கோ சிறுநீர்க் கடுப்புக்கோ நம் கடைகளில் கேட்டவுடன் கிடைக்கும் அதே ஆன்டிபயாட்டிக்தான். இரண்டையும் சேர்த்துப் போட்டால் ரத்தத்தில் டிசானிடின் சுமார் பத்து மடங்கு சேரும். ஆள் கீழே விழுவார். மனநல மருந்தான ஃப்ளூவாக்சமினோடு சேர்த்தால் முப்பது மடங்குக்கும் மேல். இந்த இரண்டு ஜோடியும் எந்த அளவிலும் கூடாது. பாக்லோஃபென் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. சிறுநீரகம் பழுதானவருக்கு, குறிப்பாக டயாலிசிஸ் செய்பவருக்கு, ஓரிரு மாத்திரையே புத்தியைத் தடுமாற வைத்துவிடலாம். வாரக்கணக்கில் எடுத்தவர் இவற்றைச் சட்டென்று நிறுத்தக்கூடாது: பாக்லோஃபென் நின்றால் வலிப்பும் மனப்பிரமையும் வரலாம், அதிக அளவு டிசானிடின் நின்றால் ரத்த அழுத்தம் எகிறும். படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சரி, பிடிப்புக்கு இவை எவ்வளவு கேட்கின்றன? நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி மருத்துவமனைகளில் அவசரப் பிரிவுக்கு முதுகுவலியோடு வந்தவர்களிடம் வரிசையாகச் சோதனை செய்தார்கள். 2015-ல் 323 பேர்: எல்லோருக்கும் நாப்ராக்சன், அதோடு ஒரு பகுதியினருக்கு சைக்ளோபென்சப்ரின், இன்னொரு பகுதியினருக்கு ஓபியாய்டு கலந்த மாத்திரை, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. ஒரு வாரம் கழித்து மூன்று கூட்டமும் ஒரே நிலையில் இருந்தன. பிறகு டயசிபாம், ஆர்ஃபனட்ரின், மெத்தோகார்பமால் என்று மாற்றிப் பார்த்தார்கள். ஐப்யூபுரூஃபனோடு பாக்லோஃபென், மெட்டாக்சலோன், டிசானிடின் சேர்த்தும் பார்த்தார்கள். எதுவும் கூடுதலாக உதவவில்லை. 2021-ல் பி.எம்.ஜே. இதழில் 31 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில், தசை தளர்த்திகள் முதல் இரண்டு வாரத்தில் வலியை 100 புள்ளி அளவுகோலில் ஏறக்குறைய 8 புள்ளி குறைத்தன. அந்த எண்ணையும் அவ்வளவாக நம்ப முடியாது என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். தலைச்சுற்றல், கிறக்கம் கூடியது மட்டும் தெளிவு.

ஆக, தசை தளர்த்தியிடம் பெரும்பாலும் நமக்குக் கிடைப்பது தூக்கம்தான். வலியில் புரண்டு புரண்டு படுத்தவருக்கு அது சின்ன விஷயமில்லை. அதனால் தேவைப்பட்டால் இரவு ஒரு வேளை மட்டும், இரண்டு மூன்று நாள். காலையிலும் மதியமும் போட்டுக்கொண்டு இருசக்கர வண்டி ஓட்டுவதில் எந்த லாபமும் இல்லை. முதியோருக்கான மருந்துகளை அலசும் அமெரிக்கப் பியர்ஸ் பட்டியல், குளோர்சாக்சசோன், மெத்தோகார்பமால் வகையை முதியவர்களுக்குத் தவிர்க்கச் சொல்கிறது. இரவில் கழிப்பறைக்கு எழுந்து தடுமாறி இடுப்பு எலும்பு முறிந்தால் முதுகுப் பிடிப்பு பரவாயில்லை என்று ஆகிவிடும்.

ஜெல்லும் தைலமும்

நம் ஊரில் தைலத்தைக் கைவைத்தியம் என்று ஒதுக்கிவிட்டு, மாத்திரையைத்தான் மருந்து என்று நினைக்கிறோம். கணுக்கால் சுளுக்கு, தோள்பட்டை, முன்கை மாதிரி தோலுக்குப் பக்கத்தில் இருக்கும் வலிக்கு நிலைமை தலைகீழ். முதுகு தவிர்த்த தசைக் காயங்களுக்கு முதலில் கொடுக்க வேண்டியது அழற்சி தணிக்கும் ஜெல்தான் என்று அமெரிக்க மருத்துவர் சங்கங்கள் இரண்டு 2020-ல் வழிகாட்டின. மாத்திரையோடு ஒப்பிட்டால் ரத்தத்துக்குள் போகும் டைக்ளோஃபெனாக் சுமார் 6 சதவீதம்தான், வயிறு தப்பிக்கிறது.

"ஜெல் கேட்கலை" என்பதற்குப் பொதுவான காரணம் அளவு. பட்டாணி அளவு எடுத்துத் தடவினால் கேட்காது. 1 சதவீத டைக்ளோஃபெனாக் ஜெல்லில் ஒரு வேளைக்கு 2 முதல் 4 கிராம், நாளைக்கு மூன்று நான்கு வேளை. அமெரிக்காவில் ஜெல்லோடு வரும் அளவு அட்டையில் 4 கிராம் என்பது சுமார் 11 செ.மீ. நீளக் கோடு. வேளைக்கு 4 கிராம், நாலு வேளை என்றால் 30 கிராம் ட்யூப் இரண்டே நாளில் தீர்ந்துவிடும். காயமில்லாத தோலில் தடவி, கையைக் கழுவி, ஒரு மணி நேரம் குளிக்காமல் இருக்க வேண்டும். மேலே இறுக்கிக் கட்டக்கூடாது. நடு முதுகு, இடுப்பு போன்ற ஆழமான தசைக்கு ஜெல் அவ்வளவு இறங்காது. அங்கே ஐப்யூபுரூஃபன் மாத்திரை கொஞ்சம் மேல்.

தைலங்களின் வழி வேறு. மென்தால் குளிரை உணரும் நரம்பைத் தட்டி எழுப்புகிறது, மிளகாயின் காப்சைசின் சூட்டை உணரும் நரம்பைத் தட்டுகிறது. தசையின் வெப்பநிலை அப்படியே இருக்கும். கவனம் மட்டும் வலியிலிருந்து திரும்பும். கற்பூரமும் இந்த வகைதான். மீதைல் சாலிசிலேட் ஆஸ்பிரினின் உறவு. தோல் வழியாக ரத்தத்துக்குள் போகும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர் தினமும் பரக்கத் தேய்த்தால் ரத்தம் உறையும் நேரம் மாறிப்போகும். மென்தாலோ சாலிசிலேட்டோ தடவிய இடத்தில் வெந்நீர்ப்பை வைத்தால் தோல் வெந்துவிடலாம். ஒத்தடம் வேண்டுமென்றால் தைலத்தைத் துடைத்துவிட்டு, வெறும் தோலில், துணி சுற்றி வைக்க வேண்டும். மீதைல் சாலிசிலேட்டே ஏறக்குறைய முழுக்க இருக்கும் சுத்தமான வின்டர்கிரீன் எண்ணெய் ஒரு தேக்கரண்டியில் இருபதுக்கும் மேற்பட்ட 325 மி.கி. ஆஸ்பிரினுக்கு ஈடான சாலிசிலேட் இருக்கிறது. கற்பூரம் வயிற்றுக்குள் போனால் குழந்தைக்கு வலிப்பு வரும். தலைமாட்டில் வைக்கும் தைலக் குப்பியை எட்டாத இடத்தில் வைக்கச் சொல்வது இதனால்தான்.

ஊசி போட்டால் சீக்கிரம் சரியாகுமா

டைக்ளோஃபெனாக் ஊசியும் ரத்தம் வழியாகத்தான் போகிறது. வயிற்றையும் சிறுநீரகத்தையும் மாத்திரை எப்படித் தொடுகிறதோ ஊசியும் அப்படியே தொடும். வாந்தி எடுப்பவருக்கு ஊசி வசதி. மற்றவருக்கு அரை மணி, ஒரு மணி நேரத்தில் மாத்திரையே எட்டிப்பிடித்துவிடும். ஊசி போட்ட அன்றே கூட்டு மாத்திரையும் போட்டால் ஒரே குடும்பத்து மருந்து இரட்டிப்பாகிறது. மாதவிடாய் வலிக்கென்று போடும் மெஃபனாமிக் அமிலமும் இந்தக் கணக்கில் சேரும்.

ஓபியாய்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2023-ல் வெளிவந்த ஆஸ்திரேலியச் சோதனையில் புதிய முதுகு, கழுத்து வலிக்கு அவை வெற்று மாத்திரையை வெல்லவில்லை. அந்த வகையைச் சேர்ந்த டிரமடாலை இந்தியா 2018-லிருந்து போதைப்பொருள் சட்டத்துக்குள் வைத்திருக்கிறது.

மூன்று மாதம் தாண்டினால்

இது வேறு நோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். நைந்த தசை எப்போதோ ஆறியிருக்கும். வலிச் செய்தியைப் பெரிதாக்கிக் காட்டும் நரம்பு மண்டலம்தான் இப்போது பிரச்சினை. இங்கே அழற்சி மாத்திரையை மாதக்கணக்கில் போடுவது சிறுநீரகத்தைச் செலவழிக்கும் வேலை. உடம்பெல்லாம் வலி, தூங்கி எழுந்தாலும் அசதி என்று வரும் ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு இரவில் 10 மி.கி. அமிட்ரிப்டிலின், அல்லது 30-ல் தொடங்கி 60 மி.கி. டுலாக்சிடின் எழுதுவார்கள். "மனநோய் மாத்திரை கொடுத்துட்டாங்க" என்று நிறுத்திவிடுபவர்கள் அதிகம். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வலியைத் தணிக்கும் நரம்புப் பாதையை இவை பலப்படுத்துகின்றன. வலிக்கு எழுதும் காரணம் அதுதான். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். கழுத்து இறுக்கத்தோடு வரும் தலைவலிக்காரர்கள் எண்ண வேண்டிய நாள் கணக்கு ஒன்று உண்டு: மாதத்தில் பதினைந்து நாளோ அதற்கு மேலோ சாதாரண வலி மாத்திரை, அல்லது பத்து நாள் கூட்டு மாத்திரை என்று மூன்று மாதம் போனால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும்.

இரவில் கெண்டைக்கால் சுண்டி இழுப்பதற்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. காலை நீட்டி, பாதத்தை முழங்கால் பக்கமாக மடக்கிப் பிடிப்பதே சிறந்த மருந்து. முதியவர்களின் இழுப்புக்கு மக்னீசியம் உதவுவதாகத் தெரியவில்லை என்று ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2020 தொகுப்பு சொல்கிறது. பழைய வைத்தியமான குவினைன் இதயத் துடிப்பையும் ரத்தத் தட்டணுக்களையும் குலைக்கக்கூடும் என்பதால் பெரும்பாலும் கைவிடப்பட்டது.

எந்த வரிசையில், எத்தனை நாள்

புதிதாக வந்த பிடிப்புக்கு: ஒத்தடம், முடிந்தவரை நடமாட்டம். தோலோரத்து வலி என்றால் ஜெல். முதுகு என்றால், மேலே சொன்ன தடைகள் எதுவும் இல்லாதவருக்கு, ஒரே ஒரு அழற்சி மாத்திரை, சாப்பிட்டபின், மூன்று முதல் ஐந்து நாள். வலி வரும்போது மட்டும் போடுவதைவிட முதல் இரண்டு நாள் நேரம் தவறாமல் போட்டால் நன்றாகக் கேட்கும். தூக்கம் கெட்டால் மட்டும் இரவில் தசை தளர்த்தி. கூட்டு மாத்திரையில் இந்தப் பிரிப்பு முடியாது. அதில் காலை வேளைக்கும் தளர்த்தி சேர்ந்தே வரும். "தனித்தனியா எழுதித் தாங்க" என்று மருத்துவரிடம் கேட்கலாம். ஐந்து நாளில் அசைவே இல்லையென்றால் மாத்திரையை மாற்றுவதற்கு முன் நோய் என்ன என்பதைப் பார்க்க வேண்டும்.

காய்ச்சலோடு உடம்புவலி என்றால் ஒப்பீட்டுக்கே இடமில்லை. மழைக்காலத்தில் அது டெங்குவாக இருக்கலாம். தட்டணு குறைந்த உடம்பில் டைக்ளோஃபெனாக்கோ ஐப்யூபுரூஃபனோ ரத்தக் கசிவை உண்டாக்கும். பாரசிட்டமாலோடு நிறுத்திக்கொண்டு ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். வெள்ளநீரில் நடந்த பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்தால் எலிக்காய்ச்சலைச் சந்தேகிக்க வேண்டும். கொழுப்பு மாத்திரையான ஸ்டாட்டின் தொடங்கிய அல்லது அளவு கூட்டிய சில வாரங்களில் இரு தொடையும் ஒரே மாதிரி வலித்தால் தசை நைந்தால் ரத்தத்தில் ஏறும் சி.பி.கே. என்ற நொதியின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு குறைவும் வைட்டமின் டி குறைவும் இதே வேடத்தில் வரும்.

மாத்திரை போட்டுக் காத்திருக்கவே கூடாத நிலைகள் சில: முதுகுவலியோடு சிறுநீர் வராமல் போவது, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போவது, கால் பலம் குறைவது, புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக முதுகுவலி, இடது தோள், தாடை வலியோடு வியர்வை. கடும் உடற்பயிற்சிக்கோ நெடுநேர வெயில் வேலைக்கோ பிறகு தசை வீங்கி, சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனால், சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் போடும் ஒரு அசெக்ளோஃபெனாக்கூட நிலைமையை மோசமாக்கும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கையில் கிடைத்த எல்லா அட்டையையும் பின்பக்க வரி கிழியாமல் எடுத்துக்கொண்டு.